மனையின் பயன்பாட்டு வகையை மாற்றியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

எங்கள் மனையில் இருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டு 3 மாடியில் 8 வீடுகள் கட்டலாம் என்று கிளம்பினால், ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்ட வரைபடத்தில் அது தனி வீடுகளுக்கான மண்டலமாம். பக்கத்து மனையிலேயே அடுக்குமாடி நிற்கிறது! மண்டலக் கோடு சரியாக எங்கள் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிட்டது. இதையே காரணமாகக் காட்டிக் கேட்கலாமா, இல்லை ஒரு மனைக்கு மட்டும் சலுகையா என்று தள்ளிவிடுவார்களா?

அப்புறம், முழுக் கட்டட வரைபடத்தோடு விண்ணப்பிப்பதா, முதலில் வகை மாற்றம் மட்டும் கேட்பதா? ஆர்க்கிடெக்ட் முழு வரைபடம்தான் வேண்டும் என்கிறார் (கட்டணம் அவருக்குத்தானே). மாற்றம் கிடைக்காவிட்டால் அந்தச் செலவு போச்சு.

பெரிய பயம் பொது விசாரணைதான் (அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்லும் கட்டம்). எதிர் வீட்டுப் பெரியவர் இப்போதே "வண்டியெல்லாம் என் கேட்டுக்கு முன்னாடிதானே நிற்கும்" என்கிறார், நியாயமான கேள்விதான். தரைத்தளத்தைத் தூண்களோடு விட்டுப் பார்க்கிங் ஆக்கினால் 2 வீடு குறையும், அதற்கும் தயார்தான். நோட்டீஸ் போகும் முன்பே வீடு வீடாகப் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசுவது உதவுமா, அல்லது சும்மா இருந்தவர்களையும் கிளப்பிவிட்ட மாதிரி ஆகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் ஆர்க்கிடெக்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.