பசுவின் கருக்கள் எட்டு செல்லிலேயே நின்றுவிடுகின்றன: எதை மாற்றுவது?

கேள்வி

வணக்கம். முதுநிலை ஆய்வுக்காகப் சென்னை பெரம்பூர் ஆட்டுத்தொட்டியிலிருந்து (இறைச்சிக்கூடம்) பசுக்களின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில், ஃபிளாஸ்க்கில் எடுத்துவந்து, முட்டைகளை முதிரவைத்துக் கருவுறச் செய்கிறேன். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பிளவுபடுகின்றன. ஆனால் ஏழாம் நாளில் பத்துப் பன்னிரண்டுதான் பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பைக்கு மாற்றத்தக்க கட்டம்) ஆகின்றன. மற்றவை எட்டு, பதினாறு செல்களில் நின்று கறுத்துவிடுகின்றன. வெப்பநிலை 38.5 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 விழுக்காடு, மீதி சாதாரணக் காற்று. கருக்குழாய்த் திரவத்தைப் போலச் செய்த எஸ்.ஓ.எஃப். ஊடகத்தில், மினரல் ஆயில் மூடி வளர்க்கிறேன்; அதில் முதல் நாளிலிருந்தே 10 விழுக்காடு சீரம் (இரத்தத் தெளிநீர்) சேர்க்கிறேன். பிழை எங்கே?

மறுமொழி 1

இத்தனை பிளவுபடும்போது காளையின் விந்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக் கரு தன் சொந்த மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்குவது எட்டு முதல் பதினாறு செல் கட்டத்தில்தான். அதுவரை முட்டையில் தாய் சேர்த்துவைத்த இருப்பிலேயே ஓடுகிறது. அந்த இடத்தில்தான் வளர்ப்புச் சூழலின் குறை வெளிப்படும். "மீதி சாதாரணக் காற்று" என்றதுதான் எனக்கு உறுத்துகிறது. அதில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20 விழுக்காடு. கருக்குழாயில் அதைவிட மிகக் குறைவு. நைட்ரஜன் கலந்து 5 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். அதற்கான இன்குபேட்டர் இல்லையென்றால், மூன்று வாயுக்களும் கலந்த சிலிண்டரிலிருந்து காற்றுப்புகாத சிறு பெட்டியை நிரப்பி, உள்ளே ஒரு தண்ணீர்த் தட்டும் வைத்து, இருக்கும் இன்குபேட்டருக்குள்ளேயே வைக்கலாம். நான் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன்.

மறுமொழி 2

முதல் நாளிலிருந்தே சீரம் வேண்டாம். அது தொடக்கப் பிளவுகளைத் தாமதப்படுத்தி, கருவில் கொழுப்பைச் சேர்க்கிறது. பிறகு உறையவைத்தால் கரு தாங்காது. கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமின் புரதத்துக்கு மாறுங்கள். இன்னொன்று: மழைக்காலத்தில் பூஞ்சைக்குப் பயந்து இன்குபேட்டரின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைப்பவர்கள் நம்மில் பலர். அந்த ஆவி மினரல் ஆயிலில் கரைந்து கருவை எட்டிவிடும். எண்ணெயையும் வெளிச்சம் படாமல் வையுங்கள். பழசானால் கருவுக்கு நச்சான பெராக்சைடு சேரும்.

மறுமொழி 3

ஆக்சிஜன், சீரம் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடாதீர்கள். பிறகு எது உதவியது என்றே தெரியாது. ஒரே நாளில் வந்த முட்டைகளைப் பாதியாகப் பிரித்து, ஆக்சிஜனை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். அக்னி நட்சத்திரக் காலத்து முட்டைகளைத் தை மாதத்தவற்றோடு ஒப்பிடவும் கூடாது. வெயிலில் வாடிய பசுவின் முட்டை, குறிப்பாகக் கலப்பினத்தில், ஆய்வகத்துக்கு வருமுன்பே பழுதுபட்டிருக்கலாம்.

கேட்டவர்

நன்றி ஐயா. ஸ்பிரிட் விஷயம் எங்களுக்கும் பொருந்தும்; வாரம் இருமுறை துடைக்கிறோம். சிலிண்டருக்குச் சொல்லிவிட்டேன், வந்ததும் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்து எழுதுகிறேன்.