கேப்பிங் கில் 98 மீட்டர்தான், 100 மீட்டர் கயிறு போதுமாம்!

கயிற்றுமுடிச்சு:
இங்கிலாந்தின் இங்கிள்பரோ மலையில் இருக்கும் கேப்பிங் கில் குகைக்குள் கயிற்றில் இறங்கப்போகும் ஒரு தம்பிக்கு மலைநாடன் நேற்று எழுதியது இது: “கேப்பிங் கில் மெயின் ஷாஃப்ட் (செங்குத்துக் குழி) 98 மீட்டர்தான், 100 மீட்டர் கயிறு ஒன்று போதும்.” படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. போதாது ஐயா. விளிம்பை ஒட்டிப் போகப் பிடிகயிறு வேண்டும், பாறையில் பதித்த இரண்டு ஆங்கரில் கயிற்றை ஒய் எழுத்துப் போலப் பிரித்து ஒய் ஹேங் கட்ட வேண்டும், நடுவழியில் கயிற்றை மறுபடி பாறையில் கட்டும் ரீபிலே வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தளர்வு விட வேண்டும், கீழ்நுனியில் கட்டாயம் ஒரு முடிச்சு. மிச்சமிருக்கிற 2 மீட்டருக்குள் இதெல்லாம் எப்படி அடங்கும்? புது நைலான் கயிறு முதல் தடவை நனைந்து காய்ந்தாலே சுருங்கிவிடும். 100 என்று வாங்கியது 95க்கு வந்ததை நானே அளந்து பார்த்தேன்.

மலைநாடன்:
11 வருடமாக யார்க்‌ஷயர் குகைகளில் இறங்குகிறேன், எனக்கு நீங்கள் அளந்து காட்ட வேண்டாம். ஆள் தொங்கினால் கயிறு நீளும், அது தெரியுமா? ஷாஃப்ட்டின் பக்கவாட்டில் திறக்கும் ஜிப் டன்னல் பக்கமாக என் 100 மீட்டர் கயிற்றில் இறங்கித் தரையில் கால் ஊன்றினேன். ஊன்றினேன் என்றால் போதும் என்றுதானே அர்த்தம்?

லீட்ஸ் வெண்ணிலா:
அண்ணா, இரண்டு பேரும் எந்த இடத்திலிருந்து அளக்கிறீர்கள்? ஜிப் டன்னலில் கயிறு தொடங்குவதே ஷாஃப்ட் வாய்க்குக் கொஞ்சம் கீழே. டைஹீட்ரல் என்கிற இறங்கும் வழி வேறு, அதில் ரீபிலே நிறைய. அப்புறம் ஃபெல் பெக் ஓடை அப்படியே ஷாஃப்ட்டுக்குள் கொட்டுகிறது, மேலே மழை பெய்தால் 150 மீட்டர் கயிறு இருந்தாலும் இறங்கக் கூடாது. இதை அந்தத் தம்பிக்கு யாராவது சொன்னீர்களா?

கயிற்றுமுடிச்சு:
தண்ணீரைப் பற்றித் தனியாகப் பேசலாம் வெண்ணிலா, இங்கே கேள்வி 100 போதுமா என்பதுதான். மலைநாடன், நீளும் என்கிறீர்களே, நீங்கள் கழற்றிக்கொண்ட அடுத்த நொடி அந்த நுனி எங்கே போகும்? மேலே ஏறிவிடும். திரும்பி ஏற வரும்போது அது கைக்கு எட்டவில்லை என்றால் அடியில் இருக்கும் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். நுனி முடிச்சும் இல்லையென்றால் இறங்கும் கருவியான டிசென்டரிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போய்விடும், ஆள் விழுவார். 100 போதாது. எத்தனை தடவை கேட்டாலும் போதாது.

பாறைச்செல்வன்:
எதற்கு இவ்வளவு சண்டை? மே மாதக் கடைசியில் பிராட்ஃபோர்ட் பாட்ஹோல் கிளப், ஆகஸ்டில் கிரேவன் பாட்ஹோல் கிளப் வின்ச் போடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். நான் போன வருடம் அப்படித்தான் போனேன், அருமையாக இருந்தது.

மலைநாடன்:
நாற்காலியில் போனவர்களுக்குக் கயிற்றைப் பற்றி என்ன பேச்சு? 1895இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மார்ட்டெல் நூலேணியில் இறங்கினார், அவர் கையில் நாற்காலியா இருந்தது?

பாறைச்செல்வன்:
மரியாதையாகப் பேசுங்கள். வின்ச்சில் போனாலும் அதே 98 மீட்டர்தான்.

மலைநாடன்:
கயிற்றுமுடிச்சுக்கு ஒன்று சொல்கிறேன். பார் பாட் குகைக்குப் போனபோது என்னிடம் வாங்கிய கயிற்றைச் சேற்றோடு, ஈரத்தோடு பையில் திணித்துத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். அந்தக் கயிறு சுருங்கியதா நீண்டதா என்று பேச உங்களுக்கு என்ன தகுதி? நான் 100இல் இறங்கினேன்.

கயிற்றுமுடிச்சு:
அந்தக் கயிற்றைக் கழுவித்தான் கொடுத்தேன், காயவைக்க நேரம் இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கயிறு உண்மையில் 100தானா? நுனியில் இருக்கும் நீள அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

லீட்ஸ் வெண்ணிலா:
அந்தத் தம்பி சனிக்கிழமை போகிறாராம். வானிலை பார்த்தாரா?

மலைநாடன்:
அட்டை எப்போதோ அழிந்துவிட்டது. 100 என்று எனக்குத் தெரியும்.

கயிற்றுமுடிச்சு:
அழிந்துவிட்டதா! அப்படியானால் அது 110ஆகக்கூட இருக்கலாம். 100 போதாது.