'அசாவாமை' என்னும் சொல்லின் பொருளும் வேரும்

கேள்வி
வணக்கம். திருக்குறளின் 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமை, 'அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்' என்று தொடங்குகிறது. பெரும்பாலான உரைகள் 'தளராமை' என்று பொருள் கூறிவிட்டு மேலே சென்றுவிடுகின்றன. 'அசை' என்பதுதான் வேர் என்றால் 'அசையாமை' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? குறளிலேயே 'அசைவின்மை' என்றொரு சொல்லும் இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா?

மறுமொழி 1
இதன் பகுதி 'அசாவு'. தளர்தல், சோர்தல் என்பது அதன் பொருள். 'ஆ' எதிர்மறை இடைநிலை, 'மை' தொழிற்பெயர் விகுதி. 'அசை' என்பது இதற்கு இனமான சொல். இன்று அசைதல் என்றால் ஆடுதல் என்றே கொள்கிறோம். பழைய வழக்கில் அதற்கு இளைத்தல், தங்குதல் என்னும் பொருள்களும் உண்டு. சங்கப் பாடல்களில் வழிநடந்தவர்கள் மரநிழலில் 'அசைஇ' இருந்தார்கள் என்றால், தங்கி இளைப்பாறினார்கள் என்றே பொருள்.

மறுமொழி 2
மேலே சொன்ன பிரிப்பு சரியே. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள எனக்கு மனம் இல்லை. 371-ஆம் குறளில் 'அசைவின்மை' என்பது 'மடி'க்கு எதிராக நிற்கிறது. ஆகவே அங்கே அது சோம்பலின்மை. நீங்கள் கேட்ட 611-ஆம் குறளிலோ 'அருமை உடைத்தென்று' என்னும் தொடர்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. உழைத்துக் களைத்த உடலின் சோர்வை அன்று, 'இது நம்மால் ஆகாது' என்று செயலில் இறங்குமுன்பே மனம் துவண்டுபோவதையே வள்ளுவர் விலக்குகிறார். பழைய உரையாசிரியரான பரிமேலழகரும் தம் சிறுமையை நோக்கித் தளர்வதையே இங்கு எடுத்துக்காட்டுகிறார்.

கேட்டவர்
மிக்க நன்றி. அப்படியானால் இன்றைய உரைநடையில் 'அயராமை' என்று எழுதினால் இந்த நுட்பம் கிடைக்குமா?

மறுமொழி 2
முழுமையாகக் கிடைக்காது. 'அயராத உழைப்பு' என்னும்போது தொடங்கிய வேலையை விடாமல் செய்வதே முன்னிற்கிறது; பேச்சில் 'சளைக்காமல்' என்பதும் அப்படித்தான். (அயர்தல் என்பதற்குச் சோர்தல் மட்டுமன்றி, 'விழவு அயர்தல்' என்பதுபோல் நிகழ்த்துதல், கொண்டாடுதல் என்னும் பொருளும் சங்க இலக்கியத்தில் உண்டு என்பது வேடிக்கை.) அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் வரும் 'உலைவின்றி' (சோர்வில்லாமல்) என்பது ஓரளவு நெருங்கி வருகிறது. கட்டுரையில் எழுதுவதாயின் 'மனந்தளராமை' என்பதையே நான் எடுப்பேன்.