ஓவர்கிளாக் செய்த கணினி 800 மெகாஹேர்ட்ஸுக்கு விழுகிறது: ஹட்டனிலிருந்து உதவி வேண்டும்

ஐ5-9600கே ப்ரொசசர், இசட்390 போர்ட், 240 மி.மீ. லிக்விட் கூலர். ஓவர்கிளாக் செய்து, அதாவது வழமையான வேகத்துக்கு மேலே ஏற்றி, ஆறு கோரும் 4.9 கிகாஹேர்ட்ஸ், வீகோர் (ப்ரொசசருக்குப் போகும் வோல்டேஜ்) 1.30 வோல்ட்.

ப்ரொசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனை ஓடி ஏழெட்டு நிமிடத்தில் வேகம் 800 மெகாஹேர்ட்ஸுக்கு விழுகிறது. சில நொடியில் திரும்ப 4.9, மறுபடி 800. கோர் சூடு 76 பாகைதான், வரம்பு 100. பவர் லிமிட்டை (ப்ரொசசர் இழுக்கக்கூடிய மின்சார வரம்பை) 200 வாட்டாக உயர்த்தியும் பயனில்லை. அதுதான் காரணமென்றால் 4.2, 4.3 என்று கொஞ்சம்தானே குறையும்! கணினியின் சூடு, வேகத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில், ப்ரொசசருக்கு வெளியிலிருந்து வரும் 'ப்ராக்ஹாட்' (PROCHOT, சூடு கூடிவிட்டது என்னும்) சிக்னல் 'ஆம்' என்று காட்டுகிறது. அப்படியென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்வது போர்ட்.

லிக்விட் கூலர் என்பதால் விஆர்எம் (போர்டில் ப்ரொசசருக்கு வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி) ஹீட்சிங்க் மேல் காற்றே படுவதில்லை. அறையில் 16 பாகை குளிர், ஆனால் ஹீட்சிங்கில் விரலை ஒரு நொடி வைக்க முடியவில்லை. பக்கத்தில் 80 மி.மீ. ஃபேன் ஒன்றைப் பிடித்தால் இருபது நிமிடம் விழாமல் ஓடுகிறது. மாலை ஆறரைக்குப் பிறகு லைன் வோல்டேஜ் 230இலிருந்து 190க்கு இறங்கினால் மட்டும் ஃபேன் இருந்தும் விழுகிறது.

ப்ராக்ஹாட்டை பயோஸில் அணைக்க மனமில்லை, விஆர்எம்மில் உள்ள மொஸ்ஃபெட் எரிந்துவிடலாம். ஹீட்சிங்கின் தெர்மல் பேடை (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை) மாற்றுவதா, 1.25 வோல்டில் 4.7 போதுமென்று விடுவதா? பேட் கனம் 1 மி.மீ.யா, 1.5ஆ? கண்டியில் எங்கே கிடைக்கும்? மாலை நேரத்துக்கு ஸ்டெபிலைசர் போதுமா, பவர் சப்ளையையும் சோதிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.