கொலுப்படியில் பிள்ளைகளின் கை படலாமா?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைகளாக நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். மாமியார் காலமான பின் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு ஏழு படி வைத்தேன். தசாவதார செட்டு, செட்டியார் கடை, மரப்பாச்சி ஜோடி என்று மாமியார் பழைய வேட்டித் துணியில் சுற்றிச் சுற்றிப் பாதுகாத்த பொம்மைகள் அவை. ஒன்று உடைந்தாலும் என் மனம் தாங்காது என்பதால், படிகளுக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைக் குறுக்கே போட்டு வைத்தேன். அந்த ஒன்பது நாளும் என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ‘தொடாதே’ என்பதுதான். நான்காம் நாள் மாலையில், நாற்காலிக்கு அடியில் புகுந்த என் மகன், தன் பச்சை டைனோசர் பொம்மையைக் குழலூதும் கண்ணனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்களை இறுக மூடிக் கைகூப்பி நின்றான். தாம்பூலத்துக்கு அழைத்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்ட நேரம் அது. நான் அந்தப் பொம்மையை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அவன் அழவில்லை. ஆனால் விஜயதசமி வரை கொலு இருந்த அறைக்குள் அவன் வரவே இல்லை.

மகளின் நிலை வேறு. அன்றாடம் மாலையில் விளக்கேற்றியதும், நான் சொல்லிக்கொடுத்த பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிவிடுகிறாள். “இதை எதற்குச் சொல்கிறோம், கண்ணு?” என்று ஒருநாள் கேட்டேன். “சொல்லலைன்னா சாமி கோவிச்சுக்கும்” என்றாள். நான் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் அவள் அதைக் கற்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மகாளய அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. பக்தியும் குறையாமல், பிள்ளைகளின் கைக்கும் கற்பனைக்கும் இடம் கொடுத்து, அவர்கள் ஒரு நிமிடமாவது அமைதியாக இருந்து யோசிக்கும்படி இந்த ஆண்டுக் கொலுவை எப்படி அமைக்கலாம்? சிறு பிள்ளைகளோடு கொலு வைத்துப் பழகியவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாடவீதி

அன்புள்ள மகளுக்கு, நான் மயிலாப்பூரில் நாற்பது ஆண்டுகளாகக் கொலு வைத்து வருகிறேன். பேரப்பிள்ளைகள் நால்வரும் அந்தப் படிகளைப் பிடித்துத்தான் எழுந்து நின்றார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிள்ளை செய்தது தவறே இல்லை. அவனிடம் இருந்தவற்றில் மிகவும் பிரியமானதைக் கொண்டுவந்து சாமியின் முன்னால் வைத்திருக்கிறான். அவன் வைத்த படிதான் மாறிப்போயிற்று.

கொலுப்படிகள் ஏன் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பதற்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன விளக்கம், கீழ்ப்படியில் ஓரறிவு உயிரில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, மனிதரையும் முனிவரையும் கடந்து, மேலே தெய்வத்தில் முடிய வேண்டும் என்பதாகும். தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை இப்படித்தான் ஆறாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்கும் பறவையும் ஐந்தறிவு, மக்கள் ஆறறிவு. அப்படிப் பார்த்தால் டைனோசருக்கு ஐந்தறிவுப் படியில் முறையான இடம் இருக்கிறது. இதை அவனிடமே சொல்லி, பொம்மையை அவன் கையாலேயே அங்கே வைக்கச் செய்யுங்கள். யானையின் பக்கத்தில் வைப்பதா, மயிலின் பக்கத்தில் வைப்பதா என்று அவன் யோசித்துக்கொண்டு நிற்பான். அவசரப்படுத்தாதீர்கள்; அந்த நேரத்தில் அவன் உள்ளே பெரிய வேலை நடக்கிறது.

நாற்காலித் தடுப்பை எடுத்துவிடுங்கள். கீழ் இரண்டு படிகளைப் பிள்ளைகளுக்கென்று எழுதிக் கொடுத்ததுபோல விட்டுவிட்டு, மாமியாரின் களிமண் பொம்மைகளை நான்காம் படிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். தொட ஓரிடம் இருந்தால், தொடக்கூடாத இடத்தைப் பிள்ளைகள் தாமாகவே மதிப்பார்கள். மரப்பாச்சி ஜோடி மட்டும் விதிவிலக்கு. அது மரம், உடையாது. ஆண்டுதோறும் அவர்களுக்குப் புதிதாக உடுத்துவதுதானே வழக்கம்? அந்த வேலையை மகளிடம் கொடுங்கள். தையற்காரரிடம் கேட்டால் ஜரிகைத் துண்டுகள் கிடைக்கும். என் பேத்தி ஒருமுறை மரப்பாச்சித் தாத்தாவுக்கு ஜரிகைத் துண்டில் ஒரு பை தைத்து மாட்டினாள். “தாத்தா காசிக்குப் போறார், வழியில் பசிக்கும்” என்று அந்தப் பைக்குள் இரண்டு அவலையும் போட்டாள்.

படிகளுக்குக் கீழே போடும் பூங்காவை மகனிடம் விட்டுவிடுங்கள். அகலமான மண்தட்டில் கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, கையால் நீர் தெளித்து வந்தால் இரண்டு மூன்று நாளில் முளை கட்டும்; முதல் நாளே பசுமை வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே விதைக்க வேண்டும். கடுகு இன்னும் விரைவாக வரும். நான்கு வயதுப் பிள்ளை தட்டின் முன்னால் குந்திக்கொண்டு மண்ணையே பார்ப்பதைக் கவனியுங்கள். அவனைப் பொறுத்தவரை அதுவும் ஒரு வழிபாடுதான்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் களிமண்ணில் பிள்ளையார் பிடித்தால் கண்ணுக்குக் குன்றிமணி வைக்காதீர்கள். அது நஞ்சு; மென்றுவிட்டால் ஆபத்து. மிளகு போதும். தும்பிக்கை விழுந்தால் நீங்கள் ஒட்டவும் வேண்டாம். எங்கள் கொலுவில் தும்பிக்கை இல்லாத பிள்ளையார் ஒருவர் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறார். அவரைச் செய்தவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஊருக்கு வந்தால் முதலில் அவரைத்தான் தேடுகிறான்.

வைகைவாசி

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. கொலு என்பது தேவியின் ராஜசபை. கலசம் வைத்து ஆவாகனம் செய்த இடத்தில் விளையாட்டுச் சாமான்களை அடுக்கினால், இது பூசை, இது விளையாட்டு என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் எப்போது கற்பார்கள்? மதுரைக்கு அருகே விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும் குடும்பம் குடும்பமாக மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சுட்டு, வண்ணம் தீட்டிச் செய்யும் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நெகிழிப் பொம்மை நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. பிள்ளைகளுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு சின்னக் கொலு வைத்துக் கொடுக்கலாமே.

மாடவீதி

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலசமும் மேற்படிகளும் பெரியவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் தனிக்கொலு என்று ஒதுக்கினால், பெரிய கொலு தனக்கானதல்ல என்று பிள்ளை எண்ணிவிடுவான். சென்ற ஆண்டு அந்த வீட்டில் நடந்ததும் அதுதான். நெகிழியைக் குறித்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை வாங்கும் வழக்கத்தில், அந்த ஒன்றைப் பிள்ளைகளை அழைத்துப்போய், செய்பவரின் கையிலிருந்தே வாங்கலாம். வண்ணம் காயாத பொம்மையைப் பார்த்த பிள்ளை, வீட்டுப் பொம்மையைத் தானாகவே மெதுவாகத் தொடுவான்.

முத்துநகர்த் தந்தை

சகோதரிக்கு வணக்கம். நான் தூத்துக்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கன், கொலு வைத்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் உண்டு. உங்கள் கேள்வியைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் பூங்காவுக்குக் கேழ்வரகு விதைப்பதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது; நாங்களும் குடிலுக்குப் புல் வேண்டும் என்று கேழ்வரகுதான் விதைக்கிறோம். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் காட்டியதிலிருந்து இந்த வழக்கம் பரவியது என்பார்கள். படிக்கத் தெரியாத மக்களும் கண்ணால் கண்டு உணரட்டும் என்பது அதன் நோக்கம். சிறு பிள்ளைகளும் படிக்கத் தெரியாதவர்கள்தானே.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்கால நான்கு வாரமும் எங்கள் குடிலில் தீவனத்தொட்டி வெறுமையாகவே இருக்கும். குழந்தை இயேசுவை டிசம்பர் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்போம். அதுவரை, பிறருக்கு ஓர் உதவி செய்த நாளில் பிள்ளை ஒரு வைக்கோலை அந்தத் தொட்டியில் போடலாம். முதல் ஆண்டு இதில் நான் ஒரு பிழை செய்தேன். இரவு ஜெபம் முடிந்ததும் யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணிச் சொன்னேன். ஒரே வாரத்தில் அக்காளும் தம்பியும் வைக்கோலுக்காகச் சண்டையிட்டார்கள். தம்பி கோழிக்கூண்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வந்து கொட்டினான். மறு ஆண்டிலிருந்து எண்ணுவதை நிறுத்தினோம். எதற்காகப் போட்டாய் என்று கேட்பதுமில்லை. இப்போது எப்போது போடுகிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. தொட்டி மட்டும் நிறைகிறது.

மழலைப்பள்ளி ஆசிரியை

மகள் சொன்ன விடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். “சாமி கோவிச்சுக்கும்” என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்வது, வீட்டில் பெரியவர்களின் முகம் எப்போது மாறுகிறது என்பதைக் கவனித்துச் சொல்வதாகும். அதை விளக்கம் சொல்லித் திருத்த முடியாது. விளக்கேற்றும் நேரத்தில் உங்கள் முகத்தில் பரபரப்பு இல்லாமல் இருந்தால், அந்த எண்ணம் சில மாதங்களில் தானாக உதிர்ந்துவிடும்.

பாட்டின் நீளத்தைக் குறையுங்கள். இரண்டு வரி போதும். பாடி முடித்ததும் உடனே எழாமல், சுடரைப் பார்த்தபடி நீங்கள் உட்கார்ந்திருங்கள். அவளை உட்காரச் சொல்ல வேண்டாம். “இன்று என்ன நினைத்தாய்?” என்று நாள்தோறும் கேட்கவும் வேண்டாம், வகுப்பில் நான் அப்படிக் கேட்கத் தொடங்கியபோது, எனக்குப் பிடித்த விடையைச் சொல்லப் பிள்ளைகள் விரைவில் பழகிவிட்டார்கள். கைப்பேசியில் படம் எடுப்பதையும் அந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். ஏழு வயதுக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களைப் பூசையில் அடுக்கிவிட்டு, அன்று முழுவதும் படிக்காமல் இருப்போம் அல்லவா? அந்த நாளை இனிப்பும் தொலைக்காட்சியுமாக நிரப்பாமல் சற்றுக் காலியாக விடுங்கள். மறுநாள் விஜயதசமியன்று தம்பியின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைக்கும் வேலையை அவளிடமே கொடுத்துப் பாருங்கள்.

நொய்யல்கரை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அலமாரியைத் திறந்து, டைனோசரை எடுத்து மகனிடம் கொடுத்து, “போன வருஷம் அம்மா செய்தது தப்பு” என்றேன். அவன் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “கண்ணன் தேடினாரா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தேடியிருப்பார் என்று மகள் சொன்னாள்.

வைகைவாசி ஐயாவின் கருத்தை ஏற்று, மேலே உள்ள ஐந்து படிகளும் பழையபடியே இருக்கும். கீழ் இரண்டும் பிள்ளைகளுக்கு. இன்று ஒரு கொட்டாங்குச்சியில் கேழ்வரகு தூவி வெள்ளோட்டம் பார்க்கிறோம். மகன் தண்ணீரைக் கையால் தெளிக்காமல் டம்ளரோடு ஊற்றிவிட்டதால், விதை முழுதும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது, அப்படியே விட்டிருக்கிறேன். மாடவீதி அம்மா, மரப்பாச்சிப் பாட்டியின் கால் அடியில் மரம் லேசாகப் பிளந்திருக்கிறது. நூல் சுற்றினால் போதுமா, தச்சரிடம் காட்ட வேண்டுமா?