பண்ணை ஆமை: வயதும் பாலினமும் சத்தை மாற்றுமா?

குளத்தங்கரை:
சீன மென்ஓட்டு ஆமை பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். எங்கே பார்த்தாலும் வயதான ஆமைதான் சத்து என்கிறார்கள், ஏன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு வருட ஆமைக்கும் நாலு வருட ஆமைக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் வருமா? ஆண், பெண் தனித்தனியாகப் பார்க்கணுமா, சேர்த்து அரைத்து ஒரே சாம்பிளாக எடுத்தால் போதுமா?

நீர்க்கோழி:
சேர்த்து அரைக்காதீர்கள். இந்த இனத்தில் ஆண்தான் பெரிதாக வளரும், பெண் பருவத்துக்கு வந்ததும் கொழுப்பு சேர்க்க ஆரம்பிக்கும், முட்டைக் கருவுக்கான புரதம் கல்லீரலில் உருவாகி ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போகும். அதனால் முட்டையிடுவதற்கு முன்னால் எடுத்த பெண்ணும் பின்னால் எடுத்த பெண்ணும் ஒன்றல்ல. வால் ஓட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் ஆண். அப்புறம், சூடான கொட்டகையில் வளர்த்தால் பாலினம் மாறுமோ என்று கவலை வேண்டாம், இதற்கு அது குரோமோசோமில் முடிவாகிற விஷயம்.

ராத்திரி ஷிஃப்ட்:
வயது என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் வயதே இல்லை. கொட்டகையில் தண்ணீரைச் சுமார் 30 டிகிரியில் வைத்தால் ஆமை குளிர்கால உறக்கத்துக்கே போகாமல் தின்றுகொண்டே இருந்து ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே விற்பனை எடைக்கு வந்துவிடும், திறந்த குளத்தில் அதே எடைக்கு மூன்று நாலு வருடம் ஆகும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து "பார், வயதானது நல்லது" என்றால் எப்படி? தீவனமும் வேறு, வெப்பமும் வேறு. கொழுப்பு அமிலங்கள் எல்லாவற்றையும்விடத் தீவனத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். வயது நேரடியாகச் செய்வது ஒன்று உண்டு, கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதத்தின் இழைகளுக்கு இடையே பிணைப்பு கூடி இறைச்சி இறுகும். அது மெல்லும்போது தெரியும், புரத அளவில் தெரியாது.

குளத்தங்கரை:
சரி, ஒரே குளம், ஒரே தீவனம், ஒரே மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஓட்டைச் சுற்றி இருக்கிற மெத்தென்ற விளிம்பையும் இறைச்சியோடு சேர்க்கலாமா?

நீர்க்கோழி:
வேண்டவே வேண்டாம், பலர் ஏமாறுகிற இடம் அதுதான். அந்த விளிம்பில் இருக்கும் புரதம் பெரும்பாலும் கொலாஜன். அதில் கிளைசின், புரோலின் என்ற அமினோ அமிலங்கள் ஏராளம், உடலுக்கு அவசியமான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கிடையாது. புரதத்தைக் கணக்கிட நைட்ரஜனை அளந்து வழக்கம்போல 6.25ஆல் பெருக்கினால் புரதம் கூடுதலாகத் தெரியும், கொலாஜனுக்கு 5.55தான் பொருத்தம். ஆணில் விளிம்பு அகலம் என்றால், எல்லாவற்றையும் கலந்து அளக்கிறபோது ஆணுக்குப் புரதம் அதிகம் என்று ஒரு முடிவு வந்து நிற்கும். தசை, விளிம்பு, கல்லீரல், கொழுப்பு, நாலையும் தனியாக எடை போட்டுத் தனியாகப் பரிசோதியுங்கள், அமினோ அமிலம் பார்க்காமல் மொத்தப் புரதத்தை மட்டும் வைத்துத் தரம் பேச வேண்டாம்.

ராத்திரி ஷிஃப்ட்:
காசு மிச்சமிருந்தால் பாதரசமும் பாருங்கள். வருடக்கணக்கில் மீன்தூள் தின்கிற பிராணியில் அது சேர்ந்துகொண்டே போகும், வயதானதைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.