மறு: கடிகார வசூலும் முதல் பரிசும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணா, புதிதாக 5 செஸ் கடிகாரம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன். நம் சங்கத்தின் ஆண்டுக்கூட்ட செஸ் போட்டிக்கு 22 பேர் வந்தார்கள். அப்படியென்றால் ஒரே நேரத்தில் 11 பலகை. நம்மிடம் டிஜிட்டல் கடிகாரம் 6 தான் இருக்கிறது. மீதி 5 பலகைக்குக் கைபேசிச் செயலியை வைத்துச் சமாளித்தோம். மூன்றாம் சுற்றில் ஒரு கைபேசிக்கு அழைப்பு வந்து திரையில் நேரமே மறைந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 வினாடி கூடுதல் என்று வைத்திருந்தோம். ரேபிட் என்கிற வேக ஆட்டத்தின் உலகப் போட்டியிலும் இதே நேரம்தான். பழைய சாவிக் கடிகாரத்தில் அந்த 10 வினாடியைச் சேர்க்க வழியில்லை. அதனால்தான் 5 கடிகாரம் கேட்டேன். வாங்கியதும் ரசீதை இங்கேயே போடுகிறேன்.

அப்புறம் சித்தப்பா எழுதியது. "போட்டியை நடத்தியது மகள், முதல் பரிசு அம்மாவுக்கு, அதுவும் கடைசி ஆட்டம் ஏழே நகர்த்தலில். கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?"

சித்தப்பா, இதை எனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டீர்கள், அதனால் பதிலும் இங்கேதான்.

யார் யாருடன் ஆடுவது என்பதை நான் முடிவு செய்யவில்லை. சுவிஸ் முறையில் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை எதிரெதிரே உட்கார வைப்பது மென்பொருளின் வேலை. நான்கு சுற்று முடிந்தபோது அம்மாவுக்கு மூன்றரை, முதலிடத்தில் இருந்த பெரியவருக்கு நான்கு. இருவரும் அதுவரை மோதவில்லை. ஐந்தாம் சுற்றில் முதல் பலகையில் அவர்கள் சந்தித்தே ஆக வேண்டும். நான் நடுவராக இருந்ததால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இருபது வருடமாகப் போட்டிகளில் ஆடுகிறவள், அன்று முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ரேபிட் ஆட்டத்தில் நகர்த்தல்களை எழுத வேண்டும் என்று விதி இல்லை. ஆனாலும் அம்மா எழுதுவார். பென்சிலால், தமிழில். குதிரைக்கு 'கு', பிஷப்புக்கு 'பி', வெட்டினால் 'வெ'. அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. கீழே எதிராளி போட்ட கையெழுத்தும் இருக்கிறது.

அம்மாவுக்கு வெள்ளைக் காய். இருவரும் ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்கள். அம்மா குதிரையை எஃப்3 என்ற கட்டத்துக்கு எடுத்தார் (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை), பெரியவர் ஒரு சிப்பாயை டி6-க்குத் தள்ளினார். அம்மாவின் பிஷப் சி4-க்கு வந்தது. அவர் தன் பிஷப்பை ஜி4-க்குக் கொண்டுவந்து அந்தக் குதிரையைக் கட்டிப் போட்டார். குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போய்விடும். அம்மா இன்னொரு குதிரையை சி3-இல் வைத்தார், அவர் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அம்மா நான்கு நிமிடம் யோசித்தார். பிறகு கட்டிப் போட்ட அதே குதிரையை எடுத்து இ5-இல் இருந்த சிப்பாயை வெட்டிவிட்டு, கடிகாரத்தை மெதுவாக அழுத்தினார். பெரியவர் உடனே ராணியை வெட்டினார். பக்கத்துப் பலகைக்காரர் அம்மாவைப் பாவமாகப் பார்த்தார். அடுத்து பிஷப் எஃப்7-இல் சிப்பாயை வெட்டி செக். ராஜா இ7-க்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஏழாவது நகர்த்தல், 'கு டி5'. இரண்டு குதிரை, ஒரு பிஷப், செக்மேட். தாளில் அதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவர் பெயரால் இதை லெகால் மேட் என்பார்கள். அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரரான பிலிடோருக்கு செஸ் கற்றுக்கொடுத்தவர் அவர். பழைய பொறிதான். ஆனால் "பொறியில் விழுந்தார், அதிர்ஷ்டம்" என்று மாமா எழுதியதை ஏற்க மாட்டேன். பெரியவர் ராணியைத் தொடாமல் சிப்பாயால் குதிரையை வெட்டியிருந்தால் அம்மாவின் ராணி அந்த பிஷப்பை எடுத்திருக்கும், அம்மாவுக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆட்டம் நீண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கறுப்பின் குதிரை ஒன்று சி6-இல் நின்றிருந்தால் கதையே வேறு. அது இ5-இல் வெட்டி, ஜி4 பிஷப்புக்கும் காவலாகிவிடும். அம்மா ஒரு குதிரையை வீணாகப் பறிகொடுத்திருப்பார். அந்த நான்கு நிமிடம் எதற்கு என்று பிறகு கேட்டேன். "அந்தக் குதிரை வெளியே வரலையான்னு ரெண்டு தடவை பார்த்துக்கிட்டேன்" என்றார். இது அதிர்ஷ்டமா, மாமா?

இந்தப் பொறியை அம்மாவுக்கு முதலில் வைத்தவள் நான்தான். எனக்குப் பதினொரு வயது. ராணியை ஆசையாக வெட்டினார், இரண்டு நகர்த்தலில் தோற்றார். கோபமே இல்லை. "இன்னொரு தடவை காட்டு" என்றார். அன்று இரவு நான் தூங்கிய பிறகும் பலகையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பலகை அடுத்த வருடம் எங்கே போனது, யார் தூக்கிப் போட்டது என்பது இங்கே இரண்டு பேருக்குத் தெரியும். அதைக் கிளற நான் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா பல வருடம் காயைத் தொடவே இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த வயதில் வேக ஆட்டம் எதற்கு" என்று கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆனந்த் 2017இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றபோது அவருக்கு 48 வயது. அவருக்கு செஸ் கற்றுக்கொடுத்ததே அவர் அம்மா சுசீலாதான். செஸ் வீராங்கனை கோனேரு ஹம்பி 2017இல் தாயானார். மகளிர் உலக ரேபிட் பட்டத்தை 2019இலும் 2024இலும் வென்றார். என் அம்மாவுக்கு 63. அவர் ஆடியது நம் சங்கப் போட்டி, உலகப் போட்டி இல்லை. ஆனால் என் சொந்த ஆட்டங்களில் எதற்கும் நான் இப்படி மகிழ்ந்ததில்லை.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பேச்சு அடங்கும் என்று யோசனை சொன்னவர்களுக்கு அம்மாவின் பதிலை அப்படியே தருகிறேன்: "ஜெயிச்சது நான். திருப்பிக் கொடுக்க மாட்டேன்." நானும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். கடிகாரத்துக்கு என் பங்கை நேற்றே அனுப்பிவிட்டேன், பொருளாளர் அண்ணா பார்த்துக்கொள்ளவும்.

தோற்ற பெரியவர் இந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடச் சேரவில்லை. ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்தார், காய்களை அவரே திரும்ப அடுக்கினார், "எங்கே விட்டேன், காட்டுங்கள்" என்று கேட்டார். அம்மா காட்டினார். நேற்று தொலைபேசியில் மறு ஆட்டம் கேட்டிருக்கிறார். அம்மா சரி என்று சொல்லிவிட்டார், இந்த முறை வெள்ளை அவருக்கு.

அன்புடன்,
இளையவள்